முட்டை ஓடு

"குப்பாயி பேரை மொதல்ல லிஸ்ட்லருந்து அடிங்க மேடம்! அப்பறந்தான் மத்த பேச்சு!"

விவசாயக் குழுத் தலைவர் ஐயாக்கண்ணு போட்ட சத்தத்துல வாழவந்தி சமுதாயக் கூடமே அதிர்ந்துச்சு. பின்னாடி ஒரே கைதட்டல்.

பின்னே? மருந்து அடிக்காத மண்ணுல விளைஞ்ச காப்பிக்குக் கூடுதல் விலைன்னு சென்னைக் கம்பெனி சொல்லியிருக்கு. பன்னெண்டு பேரும் அவங்கவங்க காட்டு மண்ணைப் பையில கொண்டாந்து, பேர் எழுதி மேஜை மேல வெச்சாச்சு. ஊரே துள்ளிக் குதிக்குது. ஒரு காட்டு மண்ணு கெட்டிருந்தாலும் மொத்தமும் போச்சு!

"அவங்க என்ன பண்ணாங்க?" கம்பெனியிலிருந்து வந்த சௌமியா கேட்டா.

"தெனமும் ஏற்காட்டுக் குப்பையை மூட்டை கட்டிக் கொண்டாந்து காட்டுல கொட்றாளுங்க! மண்ணே நாசமாப் போச்சு!"

குப்பாயி பதறி எந்திரிச்சா.

"ஐயோ, குப்பை இல்லீங்க! ஏரிக்கரை ஆம்லெட் கடை முட்டை ஓடுங்க. நுணுக்கி மண்ணுல போடறேன். மத்தவங்களாட்டம் களை மருந்து வாங்க எனக்கு வக்கில்லீங்க, கையாலதான் புடுங்கறேன். அரை ஏக்கர் காப்பிய நம்பித்தான் எம்பட ஊடே ஓடுது. பேரை அடிச்சிராதீங்க!"

"யாருடி மருந்தடிச்சது? உக்காரு! மண்ணுன்னா எப்படி இருக்கோணும்னு நான் காட்டறேன் பாரு!"

ஐயாக்கண்ணு தன் பையைப் பிரிச்சு பேப்பர்ல கொட்டினாரு.

அடேங்கப்பா! கருகருன்னு, பொலபொலன்னு மண்ணு. நடுவுல ரெண்டு மண்புழு வேற நெளியுது! சௌமியாவுக்குத் தலைகால் புரியல.

"சூப்பருங்க ஐயா! இப்படியொரு மண்ணை நான் பார்த்ததே இல்ல! என்ன போடறீங்க?"

"மாட்டுச் சாணி மட்டுந்தானுங்க." மீசையை நீவிக்கிட்டாரு.

அவ ஆசையா மண்ணைக் கிளறினா. விரல் சட்டுனு நின்னுச்சு.

"அப்ப இது என்னங்க ஐயா?"

உள்ளங்கையில நாலஞ்சு முட்டை ஓட்டுத் துண்டு.

"அட, எம்பட காட்டு மண்ணாட்டமே இருக்குதுங்களே!" குப்பாயி எட்டிப் பார்க்க, ஐயாக்கண்ணு அவசரமா மண்ணைப் பையில வாரினாரு.

"சரி, மத்த பைகளையும் பிரிச்சுப் பார்த்துடலாம்"னு சௌமியா திரும்பினா. அதுக்குள்ள ஆளாளுக்கு எட்டித் தங்கள் பையைத் தூக்கித் துண்டுலயும் முந்தானையிலயும் மறைச்சுக்கிட்டாங்க.

மேஜை மேல ஒரே ஒரு பை மட்டும் மிச்சம் இருந்துச்சு. குப்பாயியோடது.