ஆறாவது டீ

கூடத்தில் இருந்தவர்கள்: பொருளாதாரத் துறைத் தலைவர், சட்டத் துறைத் தலைவர், உயிரியல் துறைத் தலைவி, கட்டடக்கலைத் துறைத் தலைவி, வீட்டுக்காரரான சமூகவியல் பேராசிரியர். ஆக, ஐந்து பேர். பேராசிரியர் கொண்டுவந்து வைத்த தட்டில் ஆறு டீ இருந்தது.

"ஒண்ணு கூடுதலா இருக்கே சார்," என்றது பொருளாதாரம்.

"கைக்கணக்கு தப்பிடுச்சு."

"வேஸ்ட் பண்ணக்கூடாது." ஆறாவது டீயும் பொருளாதாரத்தின் பக்கம் நகர்ந்தது. அற்பம், என்று பேராசிரியர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

பேராசிரியருக்குக் கல்லூரியில் மைக் என்று பட்டப்பெயர். பெண் விடுதலை என்று எவன் எங்கே மேடை போட்டாலும் அதில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. எந்தத் துறையில் படிக்கிறவர்களும் பாலினம் பற்றிய படிப்பைத் துணைப்பாடமாக, அதாவது மைனராக, எடுத்துப் படிக்க வழி செய்ய வேண்டும் என்று ஒரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அதில் ஒவ்வொரு துறையும் ஒரு பாடம் நடத்த வேண்டும். நான்கு தலைவர்களும் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஆட்சிக்குழு ஏற்றுக்கொள்ளும். ஒருத்தர் முரண்டு பிடித்தாலும் பாடமும் போச்சு, அதற்குத் தலைவராக உட்காரும் கனவும் போச்சு. முழங்கால் வலி, வெளியே வர முடியவில்லை என்று சொல்லித்தான் நால்வரையும் வீட்டுக்கே வரவழைத்திருந்தார். சமையலறைக்கும் கூடத்துக்கும் மட்டும் அந்தக் கால் நன்றாகவே நடந்தது.

"மைனர்னா எங்க காலத்துல கழுத்துல செயின் போட்டுக்கிட்டு வேலைவெட்டி இல்லாம சுத்தறவன் சார்," என்றது சட்டம். சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொண்டது.

தன் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்தான், இதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்று உயிரியல் அலுத்துக்கொண்டது. எண்ணுக்கு ஆணென்ன பெண்ணென்ன என்று கேட்டபடி பொருளாதாரம் இரண்டாவது டீயை உறிஞ்சியது. ஆளுக்கொரு பட்டம், அதற்குள் இவ்வளவு காலியிடம், என்று மைக் நினைத்துக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தார். மருந்தின் அளவை முதலில் யார் உடம்பில் சோதித்துப் பார்த்தார்கள் என்று உயிரியலைக் கேட்டார். வீட்டில் சமைக்கிறவளின் உழைப்பு நாட்டு வருமானக் கணக்கில் எந்த இடத்தில் வருகிறது என்று பொருளாதாரத்தைக் கேட்டார். மகளின் உரிமை சட்டத்தில் எப்போது ஏறியது, வீட்டுக்குள் எப்போது நுழைந்தது என்று சட்டத்தைக் கேட்டார். மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். புரிந்து போட்டார்களோ, இன்னும் பேசிவிடுவாரோ என்று பயந்து போட்டார்களோ.

கட்டடக்கலை மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் வயதில் சின்னவர்.

"செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் இதுல என்ன சார் வேலை?"

இந்தம்மாவையெல்லாம் யார் தலைவியாக்கினார்கள் என்று மைக்குக்கு எரிச்சல் வந்தது. ஆனால் குரலில் தேன் தடவத் தெரிந்தவர் அவர்.

"ஒரு வீட்டைத் தெரிஞ்சுக்கணும்னா பிளானைப் பார்க்காதீங்க மேடம். ரூம் கதவைப் பாருங்க. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு? உள்பக்கம்னா, அது பொண்ணோட ரூம். வெளிப்பக்கம்னா, அது ஜெயில். இதை உங்க துறை சொல்லித் தராம வேற யார் சொல்லித் தருவா?"

கட்டடக்கலை பேனாவைத் திறந்தது. பிறகு, தன்னுடைய முதல் வகுப்பே இந்தத் தாழ்ப்பாள்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது.

கிளம்பும்போது உயிரியல் செருப்பை மாட்டிக்கொண்டே, வீட்டில் யாரையும் காணோமே என்று விசாரித்தது. மனைவி அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், மகள் சிநேகிதியோடு வெளியூர் போயிருக்கிறாள் என்றார் மைக்.

"இப்படி ஒரு அப்பா கிடைக்க உங்க பொண்ணு குடுத்து வச்சிருக்கணும் சார்."

மைக் அடக்கமாகத் தலையை ஆட்டினார்.

நால்வரும் போனதும் வாசல் கதவைச் சாத்தினார். தட்டில் மிஞ்சிய பிஸ்கட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கோடியில் இருந்த அறையின் முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

கட்டிலில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

டீ தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லி அவள் பக்கத்தில் பிஸ்கட்டை வைத்தார். அந்தப் பையனை மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த நிமிஷமே வெளியே வரலாம் என்று, நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னார். இவளுக்காக அழுத அம்மாவைத்தான் அண்ணன் வீட்டுக்குப் பேருந்து ஏற்றிவிட்டிருந்தார்.

அவள் பிஸ்கட்டைத் தொடவில்லை. கூடத்தில் பேசியது எல்லாம் இந்த அறைக்குள் நன்றாகக் கேட்கும்.

"அப்பா, நம்ம வீட்ல தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

மைக் வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினார்.