சாரின் கைவண்ணம்

“சந்தேகமே வேண்டாம், இது டூப்ளிகேட்!” என்று துணை இயக்குநர் அந்தத் தாளை மேசைமேல் விட்டெறிந்தார்.

தாளில் இருந்தது ஒரு விண்மீன். கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ தொலைநோக்கிக்கு மட்டும் டிக், டிக் என்று கடிகாரம்போல அதன் துடிப்பு வந்து சேரும், அதுவும் மகா மங்கலாக.

திங்கட்கிழமைப் பதிவில் அதைக் கண்டுபிடித்த ஆய்வாளப் பெண், நான்கு நாளாகச் சோறு தண்ணி மறந்து ஒவ்வொரு துடிப்புக்கும் நேரம் குறித்திருந்தாள். மூன்று வருட ஒப்பந்தத்துக்குள் ஒரு விண்மீனாவது கண்டுபிடித்தால்தான் அவளுக்கு வேலை நீடிக்கும். இன்று வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, திங்கட்கிழமை காலையில் இயக்குநர் தன் அறைக் கணினியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு போலி விண்மீனைப் பதிவில் கலந்துவிடுவார். அது வாரம் முழுக்கத் துடிக்கும். வெள்ளிக்கிழமை மாலை அவரே உண்மையை உடைப்பார்.

போன வருடம் துணை இயக்குநர் அவசரப்பட்டு ஒரு போலியைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து மனிதர் சூடுபட்ட பூனை.

“சார், நாலு நாளும் ஒரே இடத்துலேர்ந்துதான் வந்துச்சு. ஒரு துடிப்புகூட பிசகலை,” என்றாள் அவள்.

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். நிஜத்துல எது அவ்வளவு கரெக்டா வரும்? நம்ம ஆபீஸ் பஸ் வருதா?”

“ரொம்ப மங்கலாவும் இருக்கு. வேணும்னே பண்ணது பச்சையாத் தெரியுது,” என்று ஒத்து ஊதினார் கணினிப் பொறியாளர். பிறகு தாளைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். “துடிப்புக்குத் துடிப்பு 0.731 செகண்ட்! டைரக்டர் சாரோட ஸ்கூட்டர் நம்பர் என்ன? பூஜ்யம் ஏழு மூணு ஒண்ணு!”

“அடேங்கப்பா!” என்றது அறை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுந்துபோய் மேசை இழுப்பறையைக் காலிசெய்ய ஆரம்பித்தாள்.

அப்போதுதான் இயக்குநர் உள்ளே வந்தார். நான்கு நாளாகக் கண்ணிலேயே படாத மனிதர். ஒரு பக்கக் கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் வாய் நிறையப் பஞ்சு.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

“பிரமாதம் சார்! இப்படி ஒரு தத்ரூபமான போலியை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாய் கேக் சாப்பிடுங்க,” என்று துணை இயக்குநர் தட்டை நீட்டினார். அவளை வழியனுப்பக் காலையிலேயே வாங்கி வைத்திருந்த கேக் அது.

இயக்குநர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

“பாவம், பல்லு வலி. கேக் வேண்டாமாம்,” என்று அறைக்கு விளக்கம் சொன்னார் துணை.

“ம்ம்! ம்ம்ம்!” என்று இயக்குநர் காற்றில் எழுதிக் காட்டினார்.

“கையெழுத்தா? இதோ சார்!” என்று அவளை வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதமும் பேனாவும் அவர் கையில் திணிக்கப்பட்டன. “பாத்தீங்களா, சாருக்கு எந்த வேலையையும் தள்ளிப்போடப் பிடிக்காது.”

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. “வரேன் சார். நிஜமா ஒண்ணு கண்டுபிடிக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கலை. நீங்க கலந்ததையாவது விடாம பிடிச்சேனே, அது போதும்.”

இயக்குநர் அவளைப் பார்த்தார், தாளில் இருந்த விண்மீனைப் பார்த்தார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை உருவி எறிந்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே துணை இயக்குநரைப் பார்த்து அலறினார்:

“யோவ், திங்கக்கிழமை நான் லீவுய்யா!”