ரொக்கம் செல்லாத இடம்

ஓவியாவின் விலை பத்து லட்சத்தில் வந்து நின்றிருந்தது.

பத்தொன்பது வயது. வயது குறையக் குறைய விலை கூடும் என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஆறில் தொடங்கியவர் மணிகண்டராஜ். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். காலிச் சாக்கைக்கூடப் பேரம் பேசாமல் விற்காதவர். ஆறை எட்டாக்கி, எட்டைப் பத்தாக்கியதும் அவரேதான். எதிரே உட்கார்ந்திருந்த தாய்க்காரி வாயே திறக்காமல் விலையை ஏற்றியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்படியும் சொல்லிவிட முடியாது. வள்ளித்தாய் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

“எம் மக கை தவறித்தான் வெடிச்சதுன்னு எழுதியிருக்கீகளே, அந்த வரிய அடிச்சிருங்க மொதலாளி. ரூவாய எம்புட்டு வேணும்னாலும் கொறச்சுக்கோங்க.”

ரூபாயைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த வரியை மட்டும் அடிக்க முடியாது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில், தீபாவளி ஆர்டருக்காகப் பதினொரு பேரை உட்கார வைத்து வெடிமருந்து அடைக்கச் சொன்னவர் அவர். செத்த பிள்ளையின் கை தவறியது என்றால் கம்பெனி பிழைக்கும். நாளைக் காலை சென்னையில் விசாரணை. அதற்குள் அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த வரி எழுதிய தாள் அவர் பையில் இருந்தது. தாளுக்கு அடியில் முன்பணம், ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளாக.

ரயிலில் வந்தால் வழியில் யாராவது புத்தி சொல்லிவிடுவார்கள். அதனால்தான் அவளுக்கு விமான டிக்கெட். கூப்பிட்டதும் வந்துவிட்டாள். அதுவே பாதி வெற்றி என்று நினைத்தார்.

மீதிப் பாதி டீயில் இருந்தது.

அவர்கள் ஊர்ப் பக்கம் வியாபாரத்தில் கையெழுத்தெல்லாம் அப்புறம். பேச்சு முடியாதவரை எதிராளி வாங்கிக் கொடுப்பதை வாயில் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால், கொடுத்தவர் சொன்ன விலைக்குக் குடித்தவர் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். பிறகு மாற்றிப் பேசினால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. இது முதலாளிக்கும் தெரியும், கூலிக்கு மருந்து அடைக்கிறவளுக்கும் தெரியும்.

அவர் வீட்டுக் காபியை வள்ளித்தாய் தொடவில்லை. காரியாபட்டியில் காரை நிறுத்தி வாங்கிய இளநீரைத் தொடவில்லை. விமான நிலையத்துத் தோசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பசிக்கல மொதலாளி” என்றாள்.

வானத்தில் எங்கே போவாள்?

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம். ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் போக, நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் தின்பண்ட வண்டி ஓடி முடித்துவிட வேண்டும். சட்டையில் ரோஷினி என்று பெயர் குத்திய பெண் அதை அவசரமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“ரெண்டு டீ. ஒரு முந்திரி டப்பா,” என்ற மணிகண்டராஜ், பைக்குள் கைவிட்டு ஒரு கட்டைப் பிரித்தார்.

“கேஷ் வாங்குறதில்ல சார். கார்டு மட்டும்தான்.”

போனை எடுத்தார். வானத்தில் சிக்னல் ஏது? கார்டு மகன் தருண்குமாரிடம் இருந்தது. கார்டில் செலவழித்தால் தடம் விழும் என்று ஆயுளில் அதைத் தொடாதவர் அவர். மடியில் இரண்டு லட்சம், ஒரு டீக்கு வழியில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வண்டி நகரப் பார்த்தது.

“இரு தாயி,” என்று அந்தப் பெண்ணை நிறுத்தினாள் வள்ளித்தாய். கைப்பையின் ஜிப்பைத் திறந்து, பேங்கில் கொடுத்த உறைகூடக் கசங்காத ஒரு கார்டை எடுத்தாள். நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது.

இரண்டு காகிதக் கப். பொடியின் மேல் வெந்நீர். கலக்க ஒரு மரக்குச்சி.

மணிகண்டராஜுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் கல்லாக இருந்தவள் தானாகவே டீக்கு இறங்கிவிட்டாள். இனி சேர்ந்து குடித்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டியதுதான்.

“குடி வள்ளித்தாயி, ஆறிரும்.”

“நீங்க மொதல்ல குடிங்க.”

குடித்தார். முந்திரியை இரண்டிரண்டாக வாயில் போட்டுக்கொண்டார்.

“எங்கிட்டயே இல்ல, ஒனக்கு ஏது கார்டு?” சிரிப்புகூட வந்தது அவருக்கு.

“கவருமெண்டுல நெவாரணம் போட்டாகள்ல, அதுக்குக் குடுத்தது.”

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

“ஓவியா காசுதான் மொதலாளி. நல்லா மெல்லுங்க.”

வாங்கிக் கொடுத்தது யார், குடித்தது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கப்புக்குள் பார்த்தார். அடியில் கரையாத பொடி மட்டும் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் தன் கப்பை எடுத்தாள். ஊதி, ஒரு மடக்குக் குடித்தாள்.

“என் வெலை ஒண்ணே ஒண்ணுதான். எம் மக கை தவறலன்னு நாளைக்கு அங்கன நீங்களே சொல்லிருங்க.”

பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. குப்பைப் பையோடு வந்து ரோஷினி கை நீட்டினாள். மணிகண்டராஜ் காலிக் கப்பைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் முன்னால் இருந்த தட்டில் சீட்டு கிடந்தது. டீ இரண்டு, முந்நூறு. முந்திரி ஒன்று, இருநூற்றைம்பது. ஆக ஐந்நூற்றைம்பது, ஓவியா பெயரில் செலவு.

வரவு, நாளைக் காலை.