வலையில் ஒரு பள்ளம்

கொண்டை அரிவாள்மூக்கன் இனமே அழிந்துவிட்டது என்று சீனா முழுக்க ஊர் ஊராகத் தேடியவர்கள் சலித்துப்போன பிறகு, எங்கள் யாங்சியன் மலையில் ஏழு பறவைகள் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து எங்கள் வயல்களில் பூச்சிமருந்து கிடையாது. கூடு இருக்கும் மரத்தடியில், விழுகிற குஞ்சைத் தாங்க வலை கட்ட வேண்டும்.

எங்கள் எல்ம் மரத்தில் ஒரு ஜோடி கூடு வைத்தது. காவல் வேலை எனக்கு வந்தது. அதற்கு முந்தைய வசந்தத்தில், அவித்துத் தின்னப் பச்சை விதைக் கொத்து பறிக்க அதே மரத்தில் ஏறித்தான் எங்கள் மகள் சின்யா விழுந்து இறந்தாள். ஆறு வயது.

நான் வலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி குய்லியென், "விழுறதுக்கு முன்னாடியே வலை. குடுத்துவச்ச குஞ்சு," என்றாள்.

மறுநாள் காலை வலையின் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. இறுக்கிக் கட்டினேன். அடுத்த காலையும் இருந்தது. வசந்தத்துக்கு வசந்தம் புது வலைதான். பள்ளம் மட்டும் நீண்டுகொண்டே வந்தது.

பார்வையிட வந்த அதிகாரி, "என்னண்ணே, இது வலையா தொட்டிலா? இழுத்துக் கட்டுங்க," என்று சிரித்தார்.

அவர் போனதும் குய்லியென், "கட்டாதீங்க சின்யா அப்பா. கால் நீட்ட இடம் வேணும்ல," என்றாள்.

நேற்று காலை ஒரு குஞ்சு விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடியில்லை. பள்ளத்துக்கு நேர் மேலே, வலையைத் தொடாமல், ஒரு சாண் உயரத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தது. மெல்ல மேலே போனது. மெல்லக் கீழே வந்தது.

எடுக்கக் கை நீட்டினேன். குய்லியென் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா," என்றாள். "முழிச்சிருவா."