மணிக்குப் பதில்

மேனாம்பேட்டு மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின்மேல் கிடத்தியிருக்கிறது. செய்தியை அச்சடித்துத் தரும் டெலிபிரின்டர் காலத்துக் குறிகளைக் கணினியின் யூனிக்ஸ் கட்டளைகள் என்ன செய்கின்றன என்று சபீனா குறிப்பெழுதுகிறாள். பழைய கோப்பொன்றை, உள்ளதை அப்படியே திரையில் கொட்டும் ‘கேட்’ கட்டளையால் திறக்கிறாள். அதற்குள் ஒளிந்திருக்கும் மணிக்குறி ‘டிங்’கென்று ஒலிக்கிறது. ஆவடித் தொழிற்சாலையில் டெலிபிரின்டர் மணிக்கு ஓடிப்போய்ச் செய்தி வாங்கியவர் மாமனார் யூசுப். பக்கவாதம் வந்ததிலிருந்து எழுந்ததில்லை, பேசியதுமில்லை. உள்ளறையிலிருந்து அவர் குரல் வருகிறது: “தோ வந்துட்டேன் சார்.” சபீனா உள்ளறைப் பக்கம் திரும்புகிறாள். “மாமா?” மின்விசிறி மட்டும் முனகுகிறது. அவசரமாக அதே கோப்பை ‘லெஸ்’ கட்டளையால் திறக்கிறாள். அது மணியடிக்காது; மணிக்குறியைத் தொப்பி போட்ட ஜி எழுத்தாக (^G) மட்டும் காட்டும். அப்படித்தான் காட்டுகிறது. சத்தமே இல்லை. உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. “தோ, வந்துகினே கீறேன் சார்” என்கிற குரல் இப்போது கதவருகில் கேட்கிறது.