விரல் ரேகை விழவில்லை

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்கான்" என்றார் இன்பநாதன், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

ஹெலினாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அஞ்சாவது தடவைப்பா! உயிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் பேங்குக்கு நடப்பான்?"

"நான் இருக்கேங்கேன். மெஷின் இல்லைங்குது. விரல் ரேகை விழலையாம். முப்பது வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல விமானத்தைக் கழட்டி மாட்டின கைல்லா? ரேகையெல்லாம் ஹேங்கர்லயே தேஞ்சு போச்சு போல."

இந்த நவம்பருக்குள் உயிர்ச் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நவம்பரோ முடியப் போகிறது.

"செல்போன்ல முகத்தைக் காட்டினாலே போதும்ப்பா. நான் பண்ணித் தாரேன்."

"வேண்டாம்ட்டி. ரிப்போர்ட் பண்ணச் சொன்னா நேர்ல போய் நிக்கணும்."

"அந்தக் கவுண்டர்ல யாரு இருக்கா?"

"நம்ம வெங்கடேஸ்வரன்தான். லோகேகாவ் ஏர்ஃபோர்ஸ் கேம்ப்ல எனக்குக் கீழ கார்ப்பரலா இருந்தானே! ரிட்டயர் ஆகி பேங்க்ல சேந்துட்டான்."

ஓ, அப்படியா சேதி! ஹெலினாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அந்த ஸ்பானர் கதையை அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! விமானத்தைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் ஒரே ஒரு ஸ்பானர் காணாமல் போனாலும் விமானத்தைப் பறக்க விடமாட்டார்கள். உள்ளேயே எங்காவது சிக்கியிருந்தால் என்ன கதி? ஒருநாள் அப்படித்தான் ஒன்று காணோம். வாரண்ட் ஆபீசர் இன்பநாதன், வெங்கடேஸ்வரனைக் கொட்டுகிற மழையில் முட்டி போட்டுத் தேட வைத்தார். சாயங்காலம் ஸ்பானர் கிடைத்தது. அப்பாவின் சட்டைப் பையில்!

இதைச் சொல்லி அப்பா இருமல் வரும்வரை சிரிப்பார். வெங்கடேஸ்வரன் சிரித்தாரா என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் ஹெலினா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சாங்வி வீட்டிலிருந்து கிளம்பினாள். 'ஆண்டவரே, கோபத்தில் என் வாய் தவறிவிடக் கூடாது' என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஜெபித்தாள். அந்த ஜெபம் பேங்க் வாசல் வரைக்கும்தான் தாங்கியது.

வெங்கடேஸ்வரன் அப்பாவின் கட்டை விரலைப் பிடித்து மெஷினில் அழுத்தினார். உதட்டைப் பிதுக்கினார்.

"விழலை சார். நாளைக்குப் பத்து மணிக்கு ரிப்போர்ட் பண்ணுங்க."

"பண்ணிருவோம்" என்றார் அப்பா விறைப்பாக. "மொதல்ல ஓம் மேசையைப் பாரு, குப்பைமேடு மாதிரி! ஹேங்கர்ல இப்படி வச்சிருந்தா விட்டிருப்பேனால?"

"விட்டிருக்க மாட்டீங்க சார்."

"அப்பா, நீங்க வெளியில ஸ்கூட்டர்கிட்ட நில்லுங்க. இந்தா வாரேன்."

அப்பா போனதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஒரு ஸ்பானருக்கா இத்தனை வருஷம் கழிச்சுப் பழி வாங்குறீங்க? ஜூன்லதான் எங்க அம்மா போனாங்க. அவரே உடைஞ்சு போயிருக்கார். அந்த மனுஷனை நாயா அலைய விடுறீங்களே, நல்லாயிருக்கா?"

வெங்கடேஸ்வரன் அக்கம் பக்கம் பார்த்தார். பிறகு அந்த மெஷினைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒயர் அநாதையாகத் தொங்கியது. எதிலும் சொருகவே இல்லை.

"சாரோட சான்று முதல் நாளே முடிஞ்சுடுச்சும்மா. பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது."

"என்னது? அப்புறம் எதுக்கு...?"

"அன்னைக்கு எப்படி வந்தார் தெரியுமா? ஷேவ் பண்ணலை. சட்டையில பட்டனை மாத்திப் போட்டிருந்தார். இன்பநாதன் சாரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு டீ குடிக்க வாங்க சார்னேன், வரமாட்டேன்னுட்டார். அவரை வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டார்மா. ரிப்போர்ட் பண்ணுங்கன்னு சொன்னா, காய்ச்சலோடயும் வந்து நிப்பார்."

ஹெலினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட வராத அப்பா, பேங்குக்கு மட்டும் பேண்டை அயர்ன் பண்ணிக்கொண்டு போனாரே!

"ரெண்டாம் நாள் ஷேவ் பண்ணிட்டு வந்தார். மூணாம் நாள் என்னைத் திட்ட ஆரம்பிச்சார். அப்பதான் எனக்கு உயிரே வந்துது." வெங்கடேஸ்வரன் சிரித்தார். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"மன்னிச்சுக்கோங்க அண்ணா" என்றாள் ஹெலினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "உள்ள போய் அவன்கிட்ட சத்தம் போட்டியோ?"

"இல்லப்பா. ரேகை நிஜமாவே விழலையாம். நாளைக்குப் பார்க்கலாம்னார்."

"ஏட்டி, நீயும் அவன்கூட சேந்துட்டியா? முடிஞ்சுதுன்னு மொத நாளே எனக்கு மெசேஜ் வந்துட்டு. விமானத்தையே பிரிச்சு மாட்டினவனுக்கு, மெஷின்ல ஒயர் சொருகலைங்கது தெரியாதாக்கும்?"

"அப்புறம் ஏம்ப்பா தினமும் வாறீங்க?"

"பாவம்ட்டி அவன். ஜெட் விமானத்தைத் தொட்ட பய, இந்தக் கூண்டுக்குள்ள உக்காந்து ரப்பர் ஸ்டாம்பு குத்துதான். ஹேங்கர் கதை பேச அவனுக்கு என்னை விட்டா நாதி யாரு? கடைசி காலத்துல ஒரு துணையா இருப்போம்னுதான் வாரேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறியவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நவம்பர் முடியப் போவுது. டிசம்பர்ல என்னைக் கூப்பிட அவனுக்குப் பொய் ஒண்ணும் கிடைக்காது. நீ படிச்ச பொண்ணுதானே, நல்லதா ஒண்ணு யோசிச்சு அவன் காதுல போட்டு வை!"