'படங்கள்' என்றொரு ஃபோல்டர்

"எல்லாரும் இணைச்சாச்சு சார். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

கம்ப்யூட்டர் டீச்சர் இப்படிச் சொன்னதும் கெமிஸ்ட்ரி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அவர் செய்வது அதுதான்.

"இந்த வாரம் முடியாதும்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

விஷயம் சின்னதுதான். பள்ளிக்கூடத்தின் ஆன்லைன் வகுப்புத் தளத்தில் இதுவரை ஆசிரியர்கள் பாடங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை. இணையத்தில் அவரவர் வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கை ஒரு தடவை தளத்தோடு இணைத்துவிட்டால் போதும். அதில் இருப்பதைப் பிள்ளைகள் நேராகத் திறந்து படிக்கலாம்.

அதற்குத்தான் இவர் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார்.

"மடியில கனம் இருக்கு. இல்லேன்னா ஏன் இப்படி ஓடி ஒளியணும்?" பிசிக்ஸ் சார் ஆசிரியர் அறையில் எல்லார் காதிலும் விழும்படியே கேட்டார். "பாடத்தையெல்லாம் வெளியே ஏதாவது டியூஷன்காரங்களுக்கு விக்கிறாரோ என்னவோ, யார் கண்டா!"

பேச்சு பிரின்சிபால் வரை போனது. மறுநாள் அவரே கம்ப்யூட்டர் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க பிசிக்ஸ் சாரும் கூடவே வந்தார்.

"இன்னிக்கு இணைச்சிடுங்க சார். இல்லேன்னா எழுத்துல விளக்கம் கேட்கவேண்டி வரும். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுபோகாதீங்க."

வேறு வழியில்லை. கெமிஸ்ட்ரி சார் கடவுச்சொல்லைத் தட்டினார். அவருடைய ஃபோல்டர்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன.

"எதையெல்லாம் இணைக்கணுமோ டிக் பண்ணுங்க சார்."

எல்லாவற்றையும் டிக் செய்தார். ஒன்றைத் தவிர. 'படங்கள்' என்று பேர் வைத்த ஃபோல்டர்.

"இது மட்டும் வேண்டாம்மா. என் சொந்த விஷயம்."

"அப்படி என்ன சொந்த விஷயம்?" பிசிக்ஸ் சார் எட்டி மவுஸைப் பிடித்தார். யாரும் தடுப்பதற்குள் அதைத் திறந்தும்விட்டார்.

உள்ளே கணக்கு, பயாலஜி, ஜியாகிரபி என்று கெமிஸ்ட்ரி சாருக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்கள். அவற்றின் நடுவே பிசிக்ஸ்.

"பார்த்தீங்களா! இதெல்லாம் என் பாடம் சார்! என் தலைப்பெல்லாம் வரிசையா இருக்கு! எங்க எல்லாரோட உழைப்பையும் மொத்தமாச் சுருட்டி வச்சிருக்கார் மனுஷன்!"

பிரின்சிபாலின் முகம் இறுகியது. "என்ன சார் இது?"

கெமிஸ்ட்ரி சார் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அவர் சொல்ல மாட்டார். நாமே பார்த்துடுவோம்." பிசிக்ஸ் சார் ஒன்றைத் தட்டினார்.

படம் எதுவும் வரவில்லை. குரல் வந்தது. கெமிஸ்ட்ரி சாரின் குரல்.

"வலது கையை விரிச்சு மேஜை மேல வைம்மா. கட்டைவிரல் இருக்கிற இடத்துல பேட்டரி. அங்கேருந்து கம்பி கிளம்பி ரெண்டாப் பிரியுது. ஒண்ணு நடுவிரல் வழியாப் போகுது, அதோட நுனியில ஒரு பல்பு. இன்னொண்ணு சுண்டுவிரல் வழியா, அங்கேயும் ஒரு பல்பு. ரெண்டும் எரியுது. இப்போ நடுவிரலை மடக்கு. அந்த பல்பு அணைஞ்சுபோச்சு. சுண்டுவிரல்ல இருக்கிறது? அது பாட்டுக்கு எரியுது பார். ஏன்? அவசரமில்ல, நிதானமா யோசி..."



கம்ப்யூட்டர் டீச்சர் தன்னையறியாமல் மேஜை மேல் கையை விரித்துக் கண்ணை மூடியிருந்தார். படித்த காலத்தில் எத்தனையோ தடவை பார்த்தும் மண்டையில் ஏறாத படம் அது. இப்போது மூடிய கண்ணுக்குள் பளிச்சென்று எரிந்தது.

கண்ணைத் திறந்து மெதுவாகப் பட்டியலை நகர்த்தினார். 'இதயம், மூடிய கைமுட்டி.' 'மலைத்தொடர், போர்வை மடிப்பு.' 'செங்கோணம், சுவரும் தரையும்.' நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. பாடப் புத்தகங்களில் இருந்த அத்தனை படமும் அங்கே குரலாக இருந்தது.

"அம்மாடி!" என்றார், வேறெதுவும் சொல்லத் தோன்றாமல்.

"இதெல்லாம்... ஒன்பதாம் வகுப்புல இருக்கிற அந்தப் பொண்ணுக்கா?" பிரின்சிபாலின் குரல் இறங்கியிருந்தது.

பார்வையில்லாத பெண் அவள். வருடத் தொடக்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள். அவளுக்கு ஏற்ற மாதிரி பாடங்களைத் தயார் செய்து தரச்சொல்லி பிரின்சிபால் எல்லா ஆசிரியர்களையும் கேட்டிருந்தார். நேரம் எங்கே இருக்கிறது என்று ஆளாளுக்குக் கையை விரித்துவிட்டார்கள். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

கெமிஸ்ட்ரி சார் மெல்லத் தலையாட்டினார்.

"சேர்ந்த புதுசுல, படிப்பை நிறுத்திடறேன்னு வந்து நின்னா சார். பாடம் கஷ்டமா இருக்கான்னு கேட்டேன். 'அது பரவாயில்ல சார், இங்கே நான் ஒருத்தி இருக்கிறதே யாருக்கும் ஞாபகம் இல்ல'ன்னா. அதுக்கப்புறம்தான் இதை அனுப்ப ஆரம்பிச்சேன். இப்போ நல்லாப் படிக்கிறா."

குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிசிக்ஸ் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பாடத்தை இப்படியும் சொல்லலாம்னு எனக்கே தெரியாதே சார்! எவ்வளவு பெரிய காரியம்! இதைப் போய் ஏன் மறைச்சீங்க? எங்க கண்ணுல பட்டா என்ன?"

கெமிஸ்ட்ரி சார் அவசரமாக மவுஸுக்குக் கை நீட்டினார். அதற்குள் பாடம் முடிந்து, கடைசி வரிக்கு வந்திருந்தது குரல்.

"இதை உனக்குன்னே உட்கார்ந்து யோசிச்சு எழுதிக் கொடுத்தது உங்க பிசிக்ஸ் சார்மா. நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான்."